லாக்ரோஸ் கீப்பர் கிளாஸ் ரிவ்யூ: கை எங்க வைக்கணும்னே ஒரு மாசம் சொல்லிக் குடுக்குறாங்க

காசு குடுத்துப் போகலாமான்னு கேட்டா, கோல்ல நிக்கிற ஆளா இருந்தா போங்க, ஃபீல்டுல ஓடுற ஆளா இருந்தா வேண்டாம், அவ்ளோதான் என் முடிவு. அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

லாக்ரோஸ்னா நுனில வலை கட்டுன ஸ்டிக்கால பந்தைப் புடிச்சு எறிஞ்சு கோல் போடற ஆட்டம், அதோட கோல்கீப்பருக்குன்னே நடக்கற சின்ன கிளாஸ் இது. ஞாயித்துக்கிழமை காலைல, சிங்கப்பூர்ல செங்காங் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு திடல், கோச் ஒருத்தர்தான், கீப்பர் நாலு பேருக்கு மேல சேத்துக்க மாட்டார், ஒன்றரை மணி நேரம், தலைக்கு 55 வெள்ளி, நாலு வாரக் காசை முன்னாடியே மொத்தமா பேநவ்ல (ஃபோன்லயே காசு அனுப்பற வசதி) போட்டுடணும். பேரை நான் இங்க போடல, மனுஷனுக்கு வேற முழுநேர வேலை இருக்கு, இருக்கற இடத்துக்கே ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, லாக்ரோஸ் ஆடுற யாரைக் கேட்டாலும் நம்பர் குடுத்துடுவாங்க, இந்த ஊர்ல ஆடுறதே கொஞ்சம் பேருதானே.

நானும் என் தங்கச்சியும் சேந்து போனோம். நான் வாரக்கடைசில ஆடுற ஒரு டீம்ல கீப்பர், அவ ஸ்கூல்ல பாடத்துக்கு வெளிய நடக்கற சிசிஏல ஃப்ளோர்பால், அதாவது உள்ளரங்க ஹாக்கி மாதிரி ஆட்டத்துல, கீப்பரா இருந்தவ, இப்போ பாலிடெக்னிக்ல படிக்கிறா. இதை ஏன் சொல்றேன்னா இங்க லாக்ரோஸ் கோல்ல நிக்க வர்றவங்க நிறைய பேரு வேற ஆட்டத்துலேர்ந்து வர்றவங்கதான். ஃப்ளோர்பால் கீப்பர் முட்டி போட்டு உக்காந்து ஸ்டிக்கே இல்லாம உடம்பால தடுக்கிற ஆளு. ஹாக்கி கீப்பர் கால் பேடால உதைச்சுத் தள்ளுவார். ஃபுட்பால் கீப்பர் பாய்ஞ்சு விழுவார். இந்த மூணு பழக்கமும் லாக்ரோஸ்ல உதவாது, உதவாததோட மட்டும் இல்ல, இடைஞ்சல். இந்த கோச் அதைத் தெரிஞ்சு வச்சிருக்கார், வந்த உடனே "முன்னாடி என்ன ஆடுனீங்க"ன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறார், ஒவ்வொருத்தருக்கும் எந்தப் பழக்கத்தைக் கழட்டணும்னு அவருக்கு ஒரு கணக்கு இருக்கு.

சாதாரண டீம் ட்ரெய்னிங்ல கீப்பரோட கதி என்னன்னு கீப்பருங்களுக்குத் தெரியும். வார்ம்அப்னு சொல்லி வரிசையா வந்து சுடுவாங்க, நம்மள வார்ம்அப் பண்றதுக்கா அவங்க கை சூடாகறதுக்கான்னு தெரியாது, அப்புறம் அவங்க பாஸிங் ட்ரில்லுக்குப் போயிடுவாங்க, நாம கோல்ல சாஞ்சு நின்னு தண்ணி குடிப்போம். கோல் விட்டா "பரவால்ல கீப்பர், அடுத்தது"ன்னு ஒரு சத்தம். ஏன் விட்டோம்னு சொல்ல ஆள் இல்ல. 2023 அக்டோபர்ல மும்பைல நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்துல 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு லாக்ரோஸ் சிக்ஸஸை, அதாவது டீமுக்கு ஆறு பேர் ஆடுற சின்ன வடிவத்தை, சேத்தாங்க, அதே கூட்டத்துலதான் கிரிக்கெட்டும் சேந்துச்சு, நம்ம ஆளுங்க வாட்ஸாப் முழுக்க கிரிக்கெட் பத்தி மட்டும்தான் ஓடுச்சு, அது வேற கதை. அதுக்கப்புறம் ட்ரையல்க்கு வர்ற முகம் கூடுச்சு, ஆனா கோல்ல நிக்க மட்டும் யாரும் கை தூக்கறதில்ல, லேட்டா வந்தவன் தலைல ஹெல்மெட்டை மாட்டி விட்டுடறாங்க. அப்படி மாட்டுனவங்களுக்குத்தான் இந்த கிளாஸ்.

இப்போ விஷயத்துக்கு வரேன். லாக்ரோஸ் கோல் ஆறடிக்கு ஆறடி, அதாவது அகலம் 183 சென்டிமீட்டர், உயரமும் அதே. ஆண்கள் ஆட்டத்துல கீப்பர் ஸ்டிக்கோட ஹெட், அதாவது வலை கட்டுன தலைப்பகுதி, அதிகபட்சம் 12 அங்குலம் அகலம், 30 சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க. பந்து கெட்டி ரப்பர், எடை 142 லேர்ந்து 149 கிராம். பெரிய லீக் ஆளுங்க 160 கிலோமீட்டருக்கு மேல சுடுவாங்க, நம்ம திடல்ல அவ்ளோ இல்ல, ஆனா ஒன்பது மீட்டர் தள்ளி நின்னு ஒருத்தன் 100 கிலோமீட்டர் வேகத்துல சுட்டான்னா பந்து வந்து சேர மூணுல ஒரு பங்கு செகண்ட்தான். கண்ணு பாத்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே கால் செகண்ட் கிட்ட போயிடும். மிச்சம் இருக்கறது ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குக்கும் குறைவு, அந்த நேரத்துல கை எவ்ளோ தூரம் போக முடியும்? அதனால கோச்சோட ஒரே வாதம், பந்து கிளம்பறதுக்கு முன்னாடி கை எங்க இருந்துச்சோ அதுதான் சேவ் ஆகுமா ஆகாதான்னு முடிவு பண்ணுது, ரிஃப்ளெக்ஸ்னு எல்லாரும் சொல்றதை அவர் அவ்ளோவா மதிக்கறதில்ல. முதல்ல எனக்கு இது ஓவரா பட்டுச்சு. போகப்போக அவர் சொல்றது சரின்னுதான் தோணுது.

முதல் வாரம் ஸ்டிக்கைத் தொடவே விடல. கால் மட்டும். பாதம் ரெண்டும் தோள் அகலத்துக்கு, இல்ல அதுக்கு ஒரு பொட்டு கூட. எடை பாதத்தோட முன்பக்கம், குதிகால் புல்லைத் தொட்டும் தொடாம இருக்கணும், காத்துல தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. முட்டி லேசா மடங்கணும், இடுப்புலேர்ந்து கொஞ்சம் முன்னாடி சாயணும், ஆனா நெஞ்சு நிமிந்து இருக்கணும், ஷூட்டர் நம்ம ஜெர்சி நம்பரைப் படிக்க முடியணும். நின்னப்புறம் அவர் வந்து தோள்பட்டைல ரெண்டு விரலால தள்ளிப் பாப்பார், பின்னாடி சாஞ்சா குதிகால்ல நிக்கிறோம், முன்னாடி தடுமாறினா நுனிக்கால்ல நிக்கிறோம். கேக்க சின்ன விஷயம்தான், ஆனா நாலு பேர்ல ஒருத்தர்கூட முதல் தடவை அசையாம நிக்கல.

என் தங்கச்சி நல்லா தாழ்ந்து, காலை அகட்டி நின்னா. ஃப்ளோர்பால்ல அப்படித்தான் உடம்பை விரிப்பாங்க. கோச் அவகிட்ட "இப்போ இடது பக்கம் ஒரு அடி வை"ன்னார், அவளால வைக்க முடியல, ஏன்னா கால் ஏற்கனவே விரிஞ்சு கெடக்கு, முதல்ல உள்ள இழுத்துட்டுத்தான் வெளிய வைக்கணும், அந்த இழுக்கற நேரத்துல பந்து வலைக்குள்ள. ரொம்பத் தாழ்ந்து நின்னா மேல ரெண்டு மூலையும் திறந்து கெடக்கும், அதுக்கும் எழுந்திருக்கணும். "நீ எந்த உயரத்துல நின்னா மேலயும் கீழயும் ஒரே நேரம் ஆகுதோ அதுதான் உன் உயரம்"னு சொல்லி ஆளாளுக்கு தனித்தனியா முட்டி மடக்கலை மாத்தி வச்சுப் பாத்தார். இன்டர்நெட்ல பாக்கற வீடியோல எல்லாருக்கும் ஒரே அளவு சொல்லிட்டுப் போயிடறாங்க, ஆறடி ஆளுக்கும் அஞ்சடி பொண்ணுக்கும் எப்படி ஒரே அளவு வரும்.

ரெண்டாவது வாரம்தான் கை, இந்த கிளாஸுக்குக் காசு குடுக்கறதே இதுக்குத்தான்.

மேல் கை ஹெட்டோட கழுத்துக்கிட்ட, பிளாஸ்டிக் ஹெட் ஷாஃப்ட்ல (கைல புடிக்கிற குழாய்ல) சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ. கட்டை விரல் ஷாஃப்ட்டைச் சுத்திப் பிடிக்காம நீளவாக்குல மேல பாத்து படுத்திருக்கணும். பிடி விரல்ல இருக்கணும், உள்ளங்கைல இல்ல. கீழ் கை அதுலேர்ந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல இடைவெளி விட்டு, இடுப்பு உயரத்துல, இன்னும் லூசா, ஷாஃப்ட் அந்தக் கைக்குள்ள சுழலணும். ஹெட் காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற உயரத்துல, வலை நேரா ஷூட்டரைப் பாக்கணும். இதெல்லாம் யார் வேணா சொல்லிடுவாங்க. இவர் விடாம கவனிக்கிற விஷயம் வேற: ரெண்டு கையும் நெஞ்சுலேர்ந்து எவ்ளோ வெளிய இருக்கு, முழங்கை விலாவுல ஒட்டியிருக்கா இல்லயா.

புதுசா நிக்கிற எல்லாருமே ஸ்டிக்கை உடம்போட அணைச்சு வச்சுக்குவாங்க, பயம் இல்லாட்டியும் அப்படித்தான் வரும். கோச் ஒரு ஆளை அப்படியே நிக்க வச்சுட்டு, எதிர்பக்கம் இடுப்புக்கு மெதுவா ஒரு பந்தைக் கையால தூக்கிப் போட்டார். அந்த ஆளு ஸ்டிக்கைக் கொண்டுபோறார், கீழ் கை வயித்துல முட்டுது, முழங்கை விலாவுல இடிக்குது, ஹெட் பாதி வழியிலயே நின்னுடுச்சு. மெதுவா கையால போட்ட பந்துக்கே இந்த நிலைமை. அப்புறம் ரெண்டு கையையும் ஒரு சாண் அளவுக்கு முன்னாடி நீட்டச் சொன்னார், அதே பந்து, ஸ்டிக் அலுங்காம குறுக்க போய் எடுத்துச்சு. இதைப் பாத்தா போதும், விளக்கமே வேண்டாம். கை வெளிய இருந்தா இன்னொரு லாபமும் உண்டு, ஹெட் நம்ம பார்வையோட ஓரத்துலயே இருக்கும், ஸ்டிக் எங்க இருக்குன்னு தேட வேண்டியதில்ல. காதுக்குப் பின்னாடி ஸ்டிக்கை வச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு சேவுக்கும் பின்னாலேர்ந்து முன்னால கொண்டுவர்ற தூரம் வேற எக்ஸ்ட்ரா.

ஆனா நீட்டறேன்னு முழங்கையைப் பூட்டிடவும் கூடாது. கை முழுசா நீண்டிருந்தா பந்து பட்டவுடனே தெறிச்சு வெளிய போகும், ரீபவுண்ட் நேரா ஷூட்டர் ஸ்டிக்குக்கே போய்ச் சேரும். கொஞ்சம் மடங்கியிருந்தாத்தான் பந்தை வாங்கி உள்ள இழுக்க முடியும். இந்த ரெண்டுக்கும் நடுவுல சரியான இடம் கண்டுபிடிக்கறதுக்குத்தான் அவர் அத்தன நேரம் செலவு பண்றார், ஷாஃப்ட்ல டேப் சுத்தி மேல் கைக்கு ஒரு வளையம், கீழ் கைக்கு ஒரு வளையம் போட்டுக் குடுக்கறார், அடுத்த வாரம் வரும்போது கை அந்த வளையத்துல இல்லன்னா பேச மாட்டார், பாத்துக்கிட்டே நிப்பார், நாமளே வெக்கப்பட்டு மாத்திக்கணும்.

ட்ரில்னு பாத்தா ஆடம்பரம் ஒன்னும் இல்ல. முதல்ல வெறும் மேல் கையால டென்னிஸ் பந்தைப் புடிக்கிறது, கிளவுஸ் இல்லாம, ஸ்டிக் இல்லாம. கை பந்து கிட்ட நேர்கோட்டுல போகணும், வட்டம் போட்டுப் போகக் கூடாது. அப்புறம் ஃபீல்டு ஆளுங்க வச்சிருக்கற குட்டி ஹெட் ஸ்டிக்கால அதே டென்னிஸ் பந்து, ஹெட் சின்னதா இருக்கறதால கை சரியான இடத்துக்குப் போகலன்னா பந்து நம்மளத் தாண்டிடும், பெரிய ஹெட் இருந்தா தப்பான கையும் தப்பிச்சுடும். அதுக்கப்புறம்தான் கீப்பர் ஸ்டிக், அதுக்கும் அப்புறம்தான் நெஜப் பந்து. மேல் கை போற இடத்துக்கு கீழ் கை பின்னாடியே வரும், ரெண்டும் ஒரே நேரத்துல சண்டை போட்டா ஸ்டிக் வளைஞ்சு போகும்னு அடிக்கடி சொல்வார்.

பிடியை இறுக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. இறுக்கிப் புடிச்சா முன்கை கல்லாயிடும், கல்லான கை மெதுவாத்தான் கிளம்பும். இறுக்கிப் புடிச்சோமா இல்லயான்னு தெரிஞ்சுக்க எங்க ரெண்டு பேருக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு, கிளாஸ் முடிஞ்சு நேரா பரோட்டா கடைக்குப் போவோம், பரோட்டாவைப் பிய்க்கும்போது முன்கை கடுத்துச்சுன்னா அன்னிக்கு இறுக்கிட்டோம்னு அர்த்தம். தங்கச்சி ஒரு வாரம் முட்டை பரோட்டாவை ஸ்பூனால சாப்ட்டா, "அண்ணே, ஒன்னும் கேக்காத"ன்னா.

மூணாவது வாரம் ஃபோன் வீடியோ. ஸ்டாண்ட் ஒன்னு வச்சு ஃபோன்ல ஒரு செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல எடுக்கறார், பக்கவாட்டுல ஒன்னு, கோலுக்குப் பின்னாடி ஒன்னு. இதுக்குத் தனியா 15 வெள்ளி கேக்கறார், மொத்தக் காசுக்குள்ளயே சேத்திருக்கலாம், எனக்கு அது புடிக்கல. ஆனா எடுத்துக்கங்க, தயவு செஞ்சு எடுத்துக்கங்க. ஏன்னா கண்ணால பாக்க முடியாத ஒரு திருட்டுத்தனம் அதுல மாட்டும். ஷூட்டர் கையைப் பின்னாடி கொண்டுபோகும்போது கீப்பரோட கை ரெண்டும் லேசா கீழ எறங்குது, ரெண்டு அங்குலம், மூணு அங்குலம், எல்லாருக்கும். உடம்பு குதிக்கத் தயாராகறதா நெனச்சு செய்யுது. பந்து கிளம்பும்போது கை ஏற்கனவே கீழ, அது மேல் மூலைக்குப் போகணும்னா முதல்ல எறங்குன தூரத்தைத் திரும்ப ஏறணும், முன்னாடி சொன்ன பத்துல ஒரு பங்கு செகண்ட் அங்கயே காலி. இதைத்தான் இத்தன நாளா நாம "டாப் கார்னர், என்ன பண்றது, செம ஷாட்"னு ஷூட்டருக்குப் பாராட்டு குடுத்துக்கிட்டு இருந்தோம்.

அதே வீடியோல கால் பண்ற வேலையும் தெரியும். பந்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கக் கால் முதல்ல, முன்னாடியும் வெளியவும் சேந்து 45 டிகிரில போகணும், பின்கால் கூடவே வந்து மூடணும், முடியும்போது நெஞ்சு பந்துக்குப் பின்னாடி இருக்கணும். முன்னாடி போறதுல கோணம் குறையும், வலைக்குள்ள திறந்து கெடக்கற இடம் சுருங்கும். பயத்துல கால் பக்கவாட்டுலயோ பின்னாடியோ போயிடும், பின்னாடி போனா கோணம் விரியும், சேவ் பண்ணுனா கூட பந்து கோட்டுக்குள்ள விழற ஆபத்து. முகத்தைத் திருப்பறதும் அப்படித்தான், கண்ணு பந்தை விட்டா கை எங்க போகும்.

பயம்னு சொன்னதால பாதுகாப்பு சாமான் பத்திச் சொல்லியாகணும், இதுல கோச்சுக்கு முழு மார்க். செஸ்ட் பேடை முதல்ல வாங்கிப் பாத்து உள்பக்கம் லேபிள்ல நாக்ஸி என்டி200 (நெஞ்சுப் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்கான்னு தேடறார், இல்லன்னா அந்தப் பேடோட கோல்ல நிக்க விட மாட்டார். காரணம் இருக்கு. இதயத் துடிப்போட ஒரு குறிப்பிட்ட நொடியில நெஞ்சுல சரியா இதயத்துக்கு மேல அடி விழுந்தா, அடி பெருசா இல்லாட்டியும் இதயம் தாறுமாறா துடிச்சு நின்னு போகலாம், கமோஷியோ கார்டிஸ்னு சொல்வாங்க, நல்ல ஆரோக்கியமான பசங்களுக்கே வரும். அமெரிக்காவுல 2021 லேர்ந்து லாக்ரோஸ் கீப்பருங்க இந்த முத்திரை உள்ள பேடு போட்டே ஆகணும்னு ரூல். பேடு இருந்தாலும் பயம் முழுசா போயிடாது, அதனால திடல்ல ஏஇடி, அதாவது நின்ன இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின், எங்க மாட்டியிருக்குன்னு முதல் நாளே எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டறார். வேற எந்தத் திடல்லயும் எந்த கோச்சும் எனக்கு இதைக் காட்டினதில்ல. அப்புறம் ஹெல்மெட்ல கழுத்துக்காப்பு தொங்கணும், கிளவுஸ் கீப்பர் கிளவுஸா இருக்கணும், ஏன்னா மேல் கைக் கட்டை விரலை நீளவாக்குல வைக்கச் சொல்றதே பந்து அங்க வந்து படற வழிதான், கீப்பர் கிளவுஸ்ல கட்டை விரலுக்குக் கெட்டியா தடுப்பு இருக்கும், ஃபீல்டு கிளவுஸ்ல அவ்ளோ இருக்காது.

குறைக்கு வரேன். நாலாவது வாரம் கீழ வர்ற ஷாட், ஆஃப்-ஸ்டிக் பக்கம் (ஹெட் இல்லாத பக்கம்), கோல் முன்னாடி வளைவுல நகர்றது, கிளியர் பண்றது (புடிச்ச பந்தை நம்ம ஆளுக்கு எறிஞ்சு வெளிய அனுப்பறது) எல்லாத்தையும் சேத்துத் திணிச்சுட்டார். இது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. வலது கைக்காரனுக்கு ஹெட் வலது தோள்பக்கம் இருக்கும், இடது இடுப்புதான் ஸ்டிக்குக்கு ரொம்பத் தூரமான இடம், நல்ல ஷூட்டருங்க எல்லாம் அங்கதான் கண்ணு வைப்பாங்க. அதுக்கு ஸ்டிக்கை அப்படியே வைப்பர் மாதிரி சுழட்டணும், மேல் கை எறங்கி குறுக்க போகும், கீழ் கை மேல ஏறி வலது பக்கம் வரும், அந்த நேரத்துல மார்பும் கூடவே பந்து பக்கம் திரும்பணும். தரைல பட்டு வர்ற ஷாட்டுன்னா ஹெட் புல்லைத் தொடணும், ஸ்டிக் கொஞ்சம் முன்னாடி சாஞ்சிருக்கணும், அப்போதான் பந்து எகிறி மேல ஏறாம கீழ அமுங்கும். சொன்னது எல்லாம் சரி, ஆனா ஆளுக்குப் பத்து நிமிஷம் கூடக் கிடைக்கல. கைக்கு ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டவர் இதுக்கு ஒரு வாரமாவது தனியா குடுத்திருக்கணும்.

வளைவு பத்தி சொன்னது இன்னும் கொஞ்சம் உருப்படி. பந்து கோல் மூலைக்கு வந்தா கம்பத்தை ஒட்டி, நடுவுக்குப் போகப்போக முன்னாடி வந்து, திரும்ப அந்தப் பக்கக் கம்பம், சின்னச் சின்ன அடியா நகரணும், நகரும்போதும் கை அந்த டேப் வளையத்துலேர்ந்து நகரக் கூடாது. நடக்கும்போது ஸ்டிக் ஆடற ஆளு எப்பவும் பாதி தயாராத்தான் இருப்பார்.

பொண்ணுங்க ஆட்டத்துக்கு இது முழுசா பொருந்தலங்கறது இன்னொரு குறை. கோச் ஆண்கள் ஆட்டத்துல வளந்தவர், எல்லா உதாரணமும் அங்கேர்ந்துதான். பெண்கள் ஆட்டத்துல எட்டு மீட்டர் வளைவுலேர்ந்து ஃபவுலுக்குக் குடுக்கற ஃப்ரீ பொசிஷன் ஷாட் வரும், ஷூட்டர் நின்ன இடத்துலேர்ந்து ஓடி வந்து சுடுவாங்க, அப்போ எப்போ முன்னாடி ஏறணும்னு தங்கச்சி கேட்டதுக்கு "சேம் திங் லா"ன்னுட்டார். அது சேம் திங் இல்லன்னு அவ மூஞ்சியே சொல்லுச்சு. பொண்ணுங்க யாராவது போறதா இருந்தா ஸ்டான்ஸுக்கும் (நிக்கிற நிலைக்கும்) கைக்கும் போங்க, மிச்சத்துக்கு பெண்கள் டீம் கீப்பர் அக்கா யாரையாவது புடிங்க. சிக்ஸஸ் ஆடறவங்களுக்கு ஓரளவு ஓகே, 70 மீட்டருக்கு 36 மீட்டர் திடல், 30 செகண்ட் ஷாட் கிளாக், ஷாட் வந்துக்கிட்டே இருக்கும், சேவ் பண்ணுன அடுத்த நொடி பந்தை எறியணும்னு அதுக்கும் கொஞ்சம் பேசினார்.

நம்ம ஊர் வானிலை வேற. ஒரு ஞாயிறு பாதி கிளாஸ்ல இடி எச்சரிக்கை சைரன் அடிச்சு எல்லாரும் கூரைக்குக் கீழ ஓடினோம், ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம். அவர் பாதிக் காசு திருப்பித் தர மாட்டாராம், கூரைக்கு அடியிலயே ஸ்டான்ஸ் பிராக்டிஸ் பண்ணச் சொல்லி கிளாஸ் நடந்ததாக் கணக்கு வச்சுக்கிட்டார். ஸ்டான்ஸுக்குக் கூரை போதும்தான், ஆனா திடல் வாடகைக்கும் சேத்துத்தானே நாங்க கட்டறோம். பதில் கிளாஸ் ஒன்னு வைக்கலாம், இதைத் திருத்திக்கிட்டா நல்லது. அங்க உக்காந்திருந்தப்போ வாக்கிங் வந்த ஒரு தமிழ் பெரியவர் என் ஸ்டிக்கை வாங்கிப் பாத்துட்டு "இதுல எறா புடிக்கலாமே தம்பி"ன்னார், அப்புறம் அவரே எழுந்து நின்னு கோச் சொன்ன மாதிரி முட்டி மடக்கிக் காட்டினார், தோள்ல தள்ளிப் பாத்தா அசையல, பழைய சிலம்பக்காரராம். எங்க நாலு பேரையும் விட நல்லா நின்னார்.

இரவல் சாமான் உண்டு, ஆனா எதிர்பாத்துப் போகாதீங்க. எஸ்டிஎக்ஸ் எக்லிப்ஸ் ஹெட் போட்ட ஸ்டிக் ஒன்னு நல்லா இருக்கு, அதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. இன்னொன்னு ஷாஃப்ட் ரொம்ப நீளம். ஆண்கள் ரூல்ல கீப்பர் ஸ்டிக் 40 லேர்ந்து 72 அங்குலம் வரைக்கும் இருக்கலாம், நீளமா இருந்தா கிளியர் பாஸ் தூரம் போகும், ஆனா குள்ளமான ஆளுக்கு கீழ் கைக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருக்கற துண்டு ஒவ்வொரு தடவையும் தொடைல இடிக்கும், தங்கச்சிக்கு அதுதான் ஆச்சு. கடைசில நாங்க வெளிநாட்டுலேர்ந்து ஒரு ஷாஃப்ட் வரவழைச்சு வெட்டிக்கிட்டோம், ஷிப்பிங்கும் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேந்ததுல விலையைப் பாத்து அம்மா இந்தப் பைப்புக்கா இவ்ளோன்னு கேட்டாங்க. வெட்டறதுக்கு முன்னாடி கோச்கிட்ட காட்டுங்க, அளவெடுத்துக் குறிச்சுக் குடுக்கறார், அதுக்குக் காசு கேக்கல.

போறவங்களுக்கு: தண்ணி ரெண்டு பாட்டிலாவது எடுத்துட்டுப் போங்க, திடல்ல மெஷின் இல்ல. கிளவுஸ் மட்டும் கண்டிப்பா சொந்தமா எடுத்துட்டுப் போங்க, இரவல் கிளவுஸ் எத்தன பேரு வேர்வையைக் குடிச்சதுன்னு தெரியாது, நாத்தம் வீடு வரைக்கும் கூடவே வரும். ஷாஃப்ட்டுக்குச் சுத்த டேப் அவர்கிட்ட கறுப்பு மட்டும்தான் இருக்கு, உங்க ஷாஃப்ட்டும் கறுப்புன்னா வெள்ளை டேப் ஒரு ரோல் வாங்கிட்டுப் போயிடுங்க. அடுத்த பேட்ச் ஸ்கூல் லீவு முடிஞ்சப்புறம்தானாம், மெசேஜ் அனுப்பும்போதே முன்னாடி என்ன ஆட்டம் ஆடுனீங்க, எந்தக் கைன்னு சேத்து எழுதுங்க, இல்லன்னா அதைக் கேட்டு பதில் வர ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள இடம் போயிடும்.